ஈரக்குலைக்குக் கிரேக்கத்தில் என்ன பெயர்?

செவ்வாய், கடை அடைத்த பிறகு

அன்புள்ள என் மனைவிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் நலம். நீயும் உன் அக்காவும், உன் அக்காவின் காலும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

என்னிடமிருந்து கடிதம் என்றதும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பயந்திருப்பாய். யாரும் போகவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நான் உனக்கு எழுதியதிலேயே பெரியது, ‘சாவி பக்கத்து வீட்டில்’ என்று கதவில் ஒட்டிய சீட்டுதான். போனில் பேசலாமே என்பாய். நீ சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாய், நான் ‘ம்’ என்கிறேன், நீயும் ‘ம்’ என்கிறாய், அப்புறம் போன் உன் அக்கா கைக்குப் போய்விடுகிறது. அவர் அரைமணி நேரம் காலைப் பற்றிச் சொல்கிறார். அந்தக் காலில் இருக்கிற எலும்பு ஒவ்வொன்றும் இப்போது எனக்கு அத்துப்படி.

வீட்டுச் செய்தி. நீ வைத்துவிட்டுப் போன எட்டுத் தொட்டியில் ஏழு செடி உயிரோடு இருக்கிறது. எட்டாவதற்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்று நினைக்காதே, ஊற்றித்தான் கொன்றேன். கடைச் சட்டையையும் ஜன்னல் திரைகளையும் ஒன்றாக ஊறப்போட்டேன். இப்போது வெளியிலிருந்து பார்த்தால் நம் வீடும் கறிக்கடை மாதிரியே இருக்கிறது. பதினைந்து நாளில் வருகிறேன் என்று போனாய், எழுபது நாள் ஆகிறது. குத்திக் காட்டவில்லை. காலண்டரில் தேதி கிழிக்கும்போது கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

எனக்கு வயிற்றில் ஒரு வலி. விலா எலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி யாரோ பிழிகிறார்கள். டாக்டரிடம் போனேன். ஸ்கேன் எடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்து இது கல்லீரல், இது மண்ணீரல் என்று அவருக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். மருத்துவம் படிச்சிருக்கீங்களா என்று கேட்டார். படிப்பு இல்லை ஐயா, இருபத்தைந்து வருஷ அனுபவம் என்றேன். உள்ளே எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு, ஒண்ணுமில்லை என்று சொல்லி ரோஸ் கலரில் மாத்திரை கொடுத்தார். ரோஸ் கலர் மாத்திரை தின்றால் ரோஸ் கலரில் வலிக்கிறது.

இதெல்லாம் சொல்ல எழுதவில்லை. நம் சபையில் நடக்கிற கூத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ போன மறுவாரம் புதுப் போதகர் வந்தார். சின்ன வயது, கண்ணாடி, காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. எதை எடுத்தாலும் ‘மூலபாஷையில் பார்த்தால்’ என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் எல்லோரும் அவருக்கு மூலபாஷை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காது மந்தமான தையல்காரர் மட்டும் அதில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார். போதகருக்கு மூலம் என்று முடிவு கட்டி, பாவம் இந்த வயசிலேயா என்று வருத்தப்பட்டு, ஒரு டப்பாவில் லேகியம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். போதகர் மரியாதைக்காக வாங்கிக்கொண்டாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை, அடிபட்டு வழியில் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு போன சமாரியன் கதை. நம் வேதாகமத்தில் அவன் மனதுருகினான் என்று இருக்கிறது அல்லவா, மூலபாஷையில் மனசும் இல்லை, உருகுவதும் இல்லை என்றார். கரும்பலகையில் ஒரு வார்த்தை எழுதினார். நான் ஆராதனைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன், நீயும் எழுத்துக்கூட்டிப் படி: ஸ்ப்ளாங்க்னிசோமாய். ஸ்ப்ளாங்க்னா என்றால் உடம்புக்குள் இருக்கிற உறுப்புகளாம். அடுத்தவன் வலியைப் பார்த்ததும் அதெல்லாம் உள்ளே புரண்டுபோவதுதான் அந்த வார்த்தையாம். பழைய கிரேக்கர்களுக்குக் கோபமே அங்கேதான் பொங்குமாம். அந்த இடத்தை இரக்கத்துக்குக் கொடுத்திருக்கிறது சுவிசேஷம் என்றார்.

முன் பெஞ்சில் பெரிய டீச்சர் தொண்டையைச் செருமினார். நம் சபைச் செயலாளரான அவர் ஒரு தடவை செருமினால் எச்சரிக்கை, மூன்று தடவை செருமினால் மாற்றல் உத்தரவு என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு ஒன்றோடு நின்றது. தையல்காரர் மட்டும் என் காதில், “அப்பவே சொன்னேன்ல, வயித்துல ஆரம்பிச்சுதான் மூலத்துல முடியும்” என்றார்.

ஆராதனை முடிந்ததும் போதகர் நேராகக் கடைசி பெஞ்சுக்கு வந்தார். கறி வாசனை அடிக்கும் என்று நானாகவே ஒதுங்கி உட்காருகிற பெஞ்சு அது, அங்கே எந்தப் போதகரும் வந்ததில்லை. “அண்ணா, நாளைக்கு உங்க கடைக்கு வரலாமா? நான் இதைப் பத்தி எட்டுப் புத்தகம் படிச்சிருக்கேன். ஆனா ஒரு ஈரலைக்கூட நேர்ல பார்த்ததில்லை” என்றார்.

திங்கட்கிழமை காலையில் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றார். கொக்கியில் தொங்கியதைக் காட்டினேன். மூச்சுக்குழலைப் பிடித்து எடுத்தால் நுரையீரல், இதயம், கல்லீரல் எல்லாம் ஒரே கொத்தாக வந்துவிடும். குண்டிக்காய், அதாவது சிறுநீரகம், தனி. மண்ணீரலுக்குக் கடையில் சுவரொட்டி என்று பேர் என்றதும், சினிமா போஸ்டரா என்று கேட்டார். பழைய கிரேக்கர்கள் பலி கொடுத்ததும் இதை எல்லாம் முதலில் எடுத்துச் சுடுவார்களாம், பக்கத்தில் நிற்கிற வேண்டியவர்களுக்குத்தான் அது கிடைக்குமாம். குடல் அதோடு சேராதாம், அது அப்புறம்தானாம். கறி வாங்க வந்தவர்கள் எல்லாம் பையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

மொத்தமா இதுக்கு என்ன பேர் அண்ணா என்று கேட்டார்.

“ஈரக்குலைங்க ஐயா” என்றேன். “நாமகூடச் சொல்றோமே, ஈரக்குலையே நடுங்கிப் போச்சுன்னு. அதானே உங்க கிரேக்கு வார்த்தை?”

எட்டுப் புத்தகத்துல இல்லை அண்ணா என்று சொல்லி நோட்டில் எழுதினார். பிறகு ஒற்றை விரலால் அந்தக் கொத்தைத் தொட்டார். இன்னும் சூடு ஆறவில்லை. மடக்குக் குடை மாதிரி மெதுவாக மடங்கித் தரையில் உட்கார்ந்தார். ஒரு அம்மா தண்ணீர் தெளித்தார். எழுந்ததும் முதல் பேச்சாக, வரும் ஞாயிறு பிரசங்கத்துக்கு இதை ஒரு தட்டில் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்.

நீ இருந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாய். நீ இல்லை. சரி என்றுவிட்டேன்.

அக்காவின் காலில் எண்ணெய் தேய்க்கும்போது கணுக்காலிலிருந்து மேல்நோக்கித் தேய். மறுபடி எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


திங்கள், மத்தியானம்

அன்புள்ள என் மனைவிக்கு,

கிருபை உண்டாவதாக. கிருபை இப்போது எனக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது.

முதலில் ஒரு குற்றத்தை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நீ பூவேலை செய்து பீரோவில் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்தேன். கோவிலுக்குக் கொண்டுபோகிற தட்டை மூட வீட்டில் அதைவிட மரியாதையான துணி இல்லை. அதன் இப்போதைய நிலைமையைக் கீழே படித்துத் தெரிந்துகொள்.

ஞாயிறு காலையில் இதயம், நுரையீரல், கல்லீரல், குண்டிக்காய், சுவரொட்டி எல்லாவற்றையும் மூன்று தண்ணீரில் கழுவி, பெரிய தட்டில் அழகாக அடுக்கி, துணியால் மூடிக் கொண்டுபோனேன். பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்தோம். பரிசுத்த மேஜைமேல் வைக்கவில்லை, இதை நீ எங்கே கேட்டாலும் சொல்ல வேண்டும். ஊரில் வேறு மாதிரி பேசுகிறார்கள்.

பெரிய டீச்சர் ஆர்கன் வாசிக்க உட்கார்ந்தார். பக்கத்தில் பூவேலைத் துணி போட்ட தட்டு. யாரோ பூங்கொத்து கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்து, முதல் பாட்டு முடிந்ததும் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

அவர் போட்ட சத்தத்தை என்னால் எழுத முடியாது. சாய்ந்தது ஆர்கன் கட்டைகள்மேல். மொத்தக் கட்டையும் ஒரே நேரத்தில் அலறியது. இரண்டாம் வருகை வந்துவிட்டது என்று நினைத்துப் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். அந்தச் சத்தத்திலும் பதறாமல் உள்ளே வந்தது ஒரே ஒரு ஜீவன். நம் கடைப் பூனை. கடையிலிருந்தே என் பின்னால் வந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. நேராக முக்காலிக்குப் போய், சுவரொட்டியைக் கவ்விக்கொண்டு, உன் துணியையும் இழுத்துக்கொண்டு, பெண்கள் பக்கம் பெஞ்சுகளுக்கு அடியில் ஓடியது. அத்தனை பெண்களும் பெஞ்சுமேல் ஏறிவிட்டார்கள். நம் சபையில் எழுப்புதல் வர வேண்டும் என்று எத்தனை வருஷமாக ஜெபித்திருப்போம். இப்படி வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

போதகரைத்தான் சொல்ல வேண்டும். நிறுத்தவே இல்லை. ஒருவரும் கேட்கவில்லை, அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்டேன், ஏனென்றால் கடைசி பெஞ்சை விட்டு அன்றைக்குத்தான் முன்னால் வந்து நின்றிருந்தேன். அந்த வினைச்சொல் சுவிசேஷங்களில் பன்னிரண்டு இடத்தில் வருகிறதாம். எல்லாம் இயேசுவைப் பற்றி, இல்லாவிட்டால் அவர் சொன்ன கதையில் வருகிறவர்களைப் பற்றி. யூதாஸ் வயிறு வெடித்து உள்ளே இருந்தது சரிந்தது என்கிற இடத்திலும் அதே ஸ்ப்ளாங்க்னாதானாம். எசமானிடமிருந்து ஓடிப்போன அடிமையைத் திருப்பி அனுப்பும்போது பவுல், இவன் என் ஸ்ப்ளாங்க்னா என்று எழுதுகிறாராம். அதாவது, என் ஈரக்குலையையே உன்னிடம் அனுப்புகிறேன் என்று. எபிரேயத்தில் இரக்கத்துக்கான சொல் கருப்பையிலிருந்து வருகிறதாம். நம் பெண்கள் பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்கிறார்களே, அது எந்தக் கல்லூரியில் படித்துச் சொன்னது அண்ணா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கூட்டத்தில் வேறு யாரும் அவரைப் பார்க்கவில்லை என்பதால்தான் என்னைக் கேட்டிருக்க வேண்டும்.

பெரிய டீச்சர் மூன்று தடவை செருமினார். வியாழக்கிழமை சாயங்காலம் கமிட்டி. மனு தயார், முப்பத்தொரு கையெழுத்து. போதகரை மாற்ற வேண்டும் என்பதுதான் விஷயம்.

நேற்றுச் சாயங்காலம் போதகர் நம் வீட்டுக்கு வந்தார். அடுப்படியில் நீ காய் நறுக்க உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தார். என்னால உங்களுக்கும் கெட்ட பேர் அண்ணா என்றார். பிறகு அவராகவே சொன்னார்.

“போன மாசம் ஒரு வீட்டுக்குப் போனேன் அண்ணா. பையன் பிழைப்பானான்னு தெரியலை, அந்த அம்மா தரையில உட்கார்ந்து அழுறாங்க. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு அந்தக் கிரேக்க வார்த்தைக்கு வேர்ச்சொல் என்னன்னு யோசிச்சுட்டு இருக்கேன். நல்லவேளை பையன் பிழைச்சுட்டான். ஆனா எனக்கு உள்ளே எதுவுமே புரளலை. அந்த இடமே எனக்கு இல்லையோன்னு பயம் வந்துருச்சு. அதான் உங்க கடைக்கு வந்தேன்.”

இப்படி ஒருத்தர் சொல்லும்போது ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும். எனக்கு வந்தது ‘ம்’ தான். இரண்டு முட்டை பொரித்துத் தட்டில் வைத்தேன். சாப்பிட்டுவிட்டுப் போனார். அவர் போன பிறகு அந்த ஸ்டூலை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் துணியைப் பூனையிடமிருந்து மீட்டுவிட்டேன். உப்புத் தண்ணீரில் ஊறுகிறது. பூக்களில் நீலம் பிழைத்துக்கொண்டது. வெள்ளையைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


வெள்ளி, விடியற்காலை

அன்புள்ள என் மனைவிக்கு,

சமாதானம் உண்டாவதாக. கமிட்டி முடிந்தது. உன் அக்காவுக்கு இதை வாய்விட்டுப் படிக்காதே, முதலில் நீ மட்டும் படி.

நாற்பது பேர் வந்திருந்தார்கள். பெரிய டீச்சர் பழைய பள்ளிக்கூடக் குரலில் குற்றப்பட்டியல் படித்தார். ஆலயத்தில் மாமிசம், மிருகப் பிரவேசம், ‘ஈரக்குலை’ என்ற கறிக்கடை வார்த்தை. போதகர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். வேறு யாராவது பேசணுமா என்று டீச்சர் கேட்டார். சும்மா முறைக்காகக் கேட்கிற கேள்வி அது, யாரும் எழுந்திருக்கக் கூடாது.

நான் எழுந்துவிட்டேன். என் கால்தான் எழுந்தது, என்னைக் கேட்கவில்லை.

தட்டு என்னுடையது, பூனையும் என்னுடையது, திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க என்றேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை. என் மனைவி ஏன் ஊரில் இல்லை தெரியுமா என்று ஆரம்பித்துவிட்டேன். மன்னித்துக்கொள். அக்காவுக்குத் துணைக்குப் போயிருக்கிறாய் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

உள்ளதைச் சொன்னேன். அன்றைக்கு நீ கடைக்கு ஓடிவந்து, அக்கா படியிலிருந்து விழுந்து கால் உடைஞ்சிருச்சு என்று மூச்சு வாங்கச் சொன்னாய். நான் கத்தியைக்கூடக் கீழே வைக்காமல், முன்னங்காலா பின்னங்காலா என்று கேட்டேன்.

நாற்பது பேரும் சிரித்தார்கள். டீச்சர்கூடக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. இருபத்தைந்து வருஷமாக நாள் முழுக்கக் கேட்கிற கேள்வி அது, கால் என்றதும் தானாக வந்துவிட்டது, வந்த பிறகு அதைத் திரும்ப விழுங்கத் தெரியவில்லை என்றேன். மேற்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஈரலை வித்து வித்து உங்களுக்கு ஈரமே இல்லாமப் போச்சு”ன்னு என் வீட்டுக்காரி சொல்லிட்டுப் போனா. அவ சொன்னது சரின்னுதான் நானும் நினைச்சேன். ஏன்னா நெஞ்சுல கைவெச்சுப் பார்த்தா எனக்கு ஒண்ணும் இல்லை. எல்லாரும் நெஞ்சு உருகுதுங்கிறாங்க, எனக்கு நெஞ்சு சும்மா இருக்கு. ஆனா அன்னையிலருந்து வயித்துக்குள்ள யாரோ பிழியுறாங்க. அவ அக்கா விழுந்த படியை நினைச்சாப் பிழியுது. அவ கடை வாசல்ல நின்ன நிலையை நினைச்சா இன்னும் பிழியுது. டாக்டர் ஒண்ணுமில்லைங்கிறார். இந்த ஐயாதான் அதுக்குப் பேர் சொன்னாரு. தேடுற இடம் தப்புன்னு சொன்னாரு. நான் ஒரு சாண் மேலே தேடிக்கிட்டு இருந்திருக்கேன். அவரை அனுப்பினீங்கன்னா அனுப்புங்க, எனக்கு அவர் ஒரு உபகாரம் பண்ணியிருக்கார்.

உட்கார்ந்த பிறகுதான், இதில் ஒரு வார்த்தையாவது உன்னிடம் நேரில் சொல்லியிருக்கிறேனா என்று யோசித்தேன். நாற்பது பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பெரிய டீச்சர் பட்டியலை மடித்தார். எந்த இடத்துல பிழியுதுன்னு சொன்னீங்க என்று என்னைக் கேட்டார். காட்டினேன். அவர் தன் புடவை மடிப்புமேல், விலாவுக்குக் கீழே, கையை வைத்தார்.

“இங்கேயா?”

“அங்கேதாங்க.”

“எங்க வீட்டுக்காரர் போனதுலருந்து நான் பதினோரு வருஷமா வாயு மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்” என்றார் டீச்சர்.

அவர் செருமவும் இல்லை, அழவும் இல்லை. கையை மட்டும் அங்கிருந்து எடுக்கவில்லை. போதகர் எழுந்து போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஏதோ சொல்லப் போகிறார், மூலபாஷை வரப் போகிறது என்று எல்லோரும் பார்த்தோம். அவர் வாயே திறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தன் வயிற்றையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அப்படியே இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அதைப் பார்த்த தையல்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. “நான் கொடுத்த லேகியத்தை இவர் சாப்பிடவே இல்லை, பார்த்தாலே தெரியுது!” என்று கூரை அதிரக் கத்தினார்.

அதற்கப்புறம் எங்கே மனு, எங்கே கையெழுத்து. போதகர் இருக்கிறார். தீர்மானம் இரண்டு: ஆலயத்துக்குள் இனி மாமிசம் கூடாது, கிரேக்க வார்த்தை மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. இரண்டாவதைப் போதகரே கேட்டு வாங்கிக்கொண்டார். இன்று காலையில் முதல் வேலையாகப் பெரிய டீச்சர் வீட்டுக்குப் போகிறாராம், புத்தகம் எடுத்துக்கொள்ளாமல்.

என் வலி போகவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டேன், அது இருக்கட்டும்.

நாளைக்கு, சனிக்கிழமை, கடையைப் பூட்டுகிறேன். சனிக்கிழமையில் நான் கடை பூட்டி நீ பார்த்ததில்லை. காலை ரயிலில் வருகிறேன். கறி எதுவும் கொண்டுவரவில்லை, நான் மட்டும்தான் வருகிறேன். நீ என்னோடு திரும்பி வர வேண்டும் என்று கேட்க வரவில்லை. அக்காவுக்கு இன்னும் எத்தனை நாள் உதவி வேண்டுமோ அத்தனை நாள் இரு. அவரைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போவதில் உன் இடுப்பு ஒடிகிறது என்று நம் பக்கத்து வீட்டுக்குப் போனில் சொன்னாயாம். எனக்குத் தூக்கிப் பழக்கம் உண்டு.

இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். அப்படி ஆனால் இதைப் பிரிக்காமல் என் கையில் கொடு. உள்ளே எழுதினால் பிரிக்காமல் எப்படித் தெரியும் என்று சிரிப்பாய், உறையின் மேலேயும் எழுதியிருக்கிறேன். நேரில் எனக்குப் பேச வராது. எழுதி வைத்திருந்தால் படிக்க வரும். நீ உட்கார்ந்துகொள், முதல் வரியிலிருந்து உனக்குப் படித்துக் காட்டுகிறேன். நடுவில் நான் நின்றுவிட்டால் நீ ஒன்றும் சொல்லாதே, கொஞ்சம் பொறு, மறுபடி படிப்பேன்.

உன்னையும் உன் அக்காவையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
உன்னுடைய நான்